நாவலுக்கு அட்டை: பென்சில், போட்டோ, ஓவியர், வெறும் எழுத்து, ஏஐ. எதில தொடங்கிறது?

நாவல் எழுதி முடிச்சுப்போட்டு அட்டையில வந்து நிக்கிற ஆக்கள் கொஞ்ச நாளா ஒரே கேள்வியத்தான் கேக்கினம். ஓவியர் ஒராளிட்டக் குடுக்கவோ, இரணைமடுக் குளத்துப் பக்கம் போய் போட்டோ எடுக்கவோ, இல்லாட்டி போனிலயே ஏஐயிட்டச் சொல்லி ஒண்டு எடுத்துப் போடவோ எண்டு. கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவி, வவுனியா எண்டு இஞ்ச வன்னியில இருந்து எழுதிற கனபேர் சொந்தக் காசிலதான் 300, 500 பிரதி அடிக்கினம், அட்டை பிழைச்சாத் திருப்பி அடிக்கக் காசிருக்காது, அதால இத விரிவா எழுதுவம் எண்டு நினைச்சன்.

நான் கதைக்கிறது முடிஞ்ச அட்டையப் பற்றி இல்ல. அதுக்கு முந்தி, என்ன மாதிரி வரலாம் எண்டு நாலைஞ்சு யோசனை பிடிக்கிற கட்டம் ஒண்டு இருக்கு, கனபேர் அதைத் தாண்டிப் பாஞ்சு நேர முடிஞ்ச படத்துக்குப் போயிடினம். என்ர எண்ணத்த முதலே சொல்லிப்போடுறன்: இந்தக் கட்டத்தில எதை மனம் நோகாமக் கிழிச்செறிய ஏலுமோ அதுதான் நல்ல வழி. மினுங்கிற படம் ஒண்டு முதல் நாளே கையில வந்தா மனசு அதிலயே ஒட்டிப்போடும், பேந்து அது கதைக்குப் பொருந்துதோ எண்டு கேக்கவே மனம் வராது.

ஒப்பிட வசதியா ஒரு கதையக் கற்பனை பண்ணுவம். சண்டையால இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில இருந்து 2010ல ஊருக்குத் திரும்பின ஒரு குடும்பம், காணியத் துப்புரவாக்கி, தூர்ந்துபோன கட்டுக்கிணத்த இறைச்சு, முதல் காலபோகம் (மாரிகால நெல்) விதைக்கிற வரைக்கும் போற நாவல். எல்லா வழியையும் இந்தக் கதைய வச்சே பாப்பம்.

## எதை வச்சு அளக்கிறது

முதலாவது, மேல சொன்னதுதான், யோசனைய மாத்த எவ்வளவு செலவு. பென்சில் கோட்ட அழிக்கிறதுக்கும் காசு குடுத்துக் கீறின ஓவியத்த வேண்டாமெண்டு சொல்லுறதுக்கும் எவ்வளவு வித்தியாசம் எண்டு உங்களுக்கே விளங்கும்.

ரெண்டாவது இடமும் காலமும். எனக்கு இதுதான் நெஞ்சுக்குக் கிட்டவான விசயம். வன்னிக் கதை எண்டவுடன டிசைன் செய்யிற ஆக்களுக்கு வாறது முள்ளுக்கம்பி, தனிப்பனை, நெத்தியில கைய வச்சுக்கொண்டு நிக்கிற ஒரு அம்மா. சண்டைக் காலத்துக் கதையெண்டா அதுவும் தேவைதான், எங்கட சனம் பட்டதை ஆரும் மறைக்கத் தேவையில்ல. ஆனா கிணறு இறைக்கிற கதைக்கும் அதே முள்ளுக்கம்பி, பள்ளிக்கூடத்துக் காதல் கதைக்கும் அதே முள்ளுக்கம்பி எண்டா வாசிக்கிறவர் முதல் பக்கத்தத் திறக்க முன்னமே வேற ஒரு கதைய எதிர்பார்த்துக்கொண்டுதான் வருவார், கதையும் பாவம் அவரும் பாவம். காலமும் அப்பிடித்தான். 2010ல திரும்பி வந்த குடும்பம் இருந்தது தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழ, அதுக்குப் பிறகு வந்தது வீட்டுத்திட்ட வீடு. அட்டையில வடிவான கிடுகு வீடு ஒண்டக் கீறி வச்சா மல்லாவியில இருக்கிற வாசகர் பாத்தவுடன சொல்லுவார், இது எங்கட வீடில்ல எண்டு.

மூண்டாவது அளவு. டெமி சைஸ் எண்டு அச்சகத்தில சொல்லுறது 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம். அதே அட்டை வாட்ஸ்அப் அழைப்பிதழில நகமளவாச் சுருங்கும், வெளியீட்டு விழாவில மேடைக்குப் பின்னால பனராப் பெரிசாகும். ரெண்டிலயும் நிண்டு பிடிக்க வேணும். இப்ப முதன்முதலா ஆக்கள் அட்டையப் பாக்கிறதே போனிலதான், அதால எனக்கு நகமளவுதான் முக்கியம்.

மிச்ச ரெண்டும் உரிமையும் ஒளிஞ்சிருக்கிற செலவும். இணையத்தில தேடி எடுத்த படத்த அப்பிடியே போட ஏலாது, 2003ம் ஆண்டின் 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படைச்சவர் உயிரோட இருக்கும்வரைக்கும் அவர் இறந்து 70 வருசம் வரைக்கும் படைப்புக்குப் பாதுகாப்பு இருக்கு. ஒளிஞ்சிருக்கிற செலவ ஒவ்வொரு வழியிலயும் சொல்லுறன்.

## பென்சிலும் சின்னப் பெட்டியளும்

கொப்பி ஒற்றை ஒண்டில 28 மில்லிமீற்றர் அகலம், 43 மில்லிமீற்றர் உயரத்தில பெட்டி கீறுங்கோ, டெமி அட்டைய அஞ்சில ஒரு பங்காக்கினா அதுதான் அளவு. ஒரு ஒற்றையில பன்னிரண்டு பெட்டி தாராளமாக் கொள்ளும். ஒரு பெட்டிக்கு ரெண்டு மூண்டு நிமிசத்துக்கு மேல மினக்கெடாதேங்கோ. எனக்குக் கீற வராது எண்டு சொல்லுறவைக்கும் இது சரிவரும், ஏனெண்டா இஞ்ச மனிசர் ஒரு குச்சி, வீடு ஒரு சதுரம், தலைப்பு ரெண்டு கறுப்புக் கோடு, அவ்வளவுதான்.

எங்கட கிணத்துக் கதையை எடுத்துப் பாப்பம். முதல் பெட்டியில வாறது அநேகமாக் கொட்டிலுக்கு முன்னால நிக்கிற குடும்பம். ரெண்டாவதில கிணத்தடியில ஒரு பொம்பிளை, மூண்டாவதில கயிறும் வாளியும். முதல் மூண்டு நாலு பெட்டி ஆர் கீறினாலும் இப்பிடித்தான் வரும், அதுக்காக நிப்பாட்டக் கூடாது. அஞ்சாவதில கிணத்த மேல இருந்து பாக்கத் தோணும், காசுக்குத்தி ஒண்ட வச்சுச் சுத்தி ஒரு வட்டம். ஏழாவது எட்டாவதில, கிணத்துக்குள்ள இறங்கிச் சேறு அள்ளுற ஆளின்ர கண்ணால பாத்தா எப்பிடியெண்டு வரும்: பெட்டி முழுக்கக் கறுப்பு, மேல மூண்டில ஒரு பங்கில ஒரு வெள்ளை வட்டம், அந்த வட்டத்தின்ர விளிம்பில எட்டிப் பாக்கிற ஒரு சின்னத் தலை. இதில தலைப்பு வைக்கக் கீழ முழுக்க இடம் கிடக்கு, நகமளவிலயும் வட்டம் தெரியும், இது கிணறெண்டு சொல்லத் தேவையுமில்ல. முதல் பெட்டியில நிண்ட குடும்பம் சொல்லாத ஒண்டை இந்தத் தலை சொல்லுது, மேல ஆரோ காத்துக்கொண்டு நிக்கினம் எண்டு.

இதின்ர குறை என்னெண்டா நிறமும் மேற்பரப்பும் இதில தெரியாது, பென்சிலில நல்லா இருந்தது கலரில செத்துப்போகவும் ஏலும். மற்றது, வீட்டு ஆக்களுக்குக் காட்டினா இதென்ன கிறுக்கல் எண்டுவினம், அதால மனம் விட்டுப்போகும். காட்டேக்க "வடிவா இருக்கோ" எண்டு கேளாதேங்கோ, எல்லாரும் ஓமெண்டுதான் சொல்லுவினம். கதை தெரியாத ஆள் ஒராளிட்ட நாலு பெட்டியக் காட்டி "இது என்ன கதையா இருக்குமெண்டு நினைக்கிறீங்கள்" எண்டு கேளுங்கோ. அவர் சொல்லுறது உங்கட கதைக்குக் கிட்ட வந்தா அந்தப் பெட்டிய வச்சிருங்கோ.

கீழ சொல்லுற எந்த வழிக்குப் போறதெண்டாலும் இந்த ஒற்றைய முடிச்சுப்போட்டுப் போங்கோ. கீற முதல் நூலகம் இணையத்தளத்துக்கும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ, 2005ல இருந்து ஈழத்துப் புத்தகங்கள ஸ்கான் பண்ணிச் சேர்த்து வருகினம், பழைய நாவல் அட்டையள வரிசையாப் பாத்தா எது கனதரம் வந்திட்டுது, எது ஒருதரமும் வரேல்ல எண்டு கண்ணுக்கே தெரியும்.

## போனில போட்டோ

இடம் பொய்யாகாது எண்டதுதான் போட்டோவின்ர பெரிய பலம். பாலை மரம் பாலை மரமாவே இருக்கும், அலம்பல் வேலி அலம்பல் வேலியாவே இருக்கும், மண்ணின்ர நிறம் ஆருக்கும் விளக்கத் தேவையில்ல.

போன் காணுமோ எண்டு கேப்பினம். காணும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும், டெமி முன்னட்டைக்கு 1650க்கு 2550 பிக்சல். 12 மெகாபிக்சல் போன் கிட்டத்தட்ட 3000க்கு 4000 தரும், வெட்டிக் குறைச்சாலும் மிஞ்சும். ஒரே படம் பின்னட்டை, முதுகு, முன்னட்டை எல்லாத்தையும் சுத்தி வரவேணுமெண்டா கணக்கு இறுகும்: 240 பக்கப் புத்தகத்துக்கு 120 தாள், தாள் 0.1 மில்லிமீற்றரெண்டா முதுகு 12 மில்லிமீற்றர், வெட்டுக்குச் சுத்திவர 3 மில்லிமீற்றர், எல்லாம் சேர்ந்து அகலம் 298 மில்லிமீற்றர், அதுக்குக் கிட்டத்தட்ட 3520 பிக்சல் வேணும். போனைக் கிடையாப் பிடிச்சு எடுத்தாக் காணும், ஆனா வெட்ட இடமில்ல. எடுத்ததை வாட்ஸ்அப்பில சும்மா போட்டோவா அனுப்பினா சுருங்கிப்போகும், டொக்கியுமெண்டா அனுப்புங்கோ.

எடுக்கேக்க கனபேர் விடுற பிழை, அடிவானத்தப் படத்தின்ர நடுவில வைக்கிறது. குளக்கட்டில நிண்டு எடுத்தா அரைவாசி வானம் அரைவாசி தண்ணி, தலைப்பு எங்க வைச்சாலும் ஒட்டாது. வானத்துக்கு மூண்டில ரெண்டு பங்கு விட்டு ஒண்டு, தண்ணிக்கு மூண்டில ரெண்டு பங்கு விட்டு ஒண்டு, ரெண்டும் எடுத்து வையுங்கோ. நேரம் விடியக்காலமை, இல்லாட்டிப் பொழுதுபடுற நேரம்.

இதில ஒளிஞ்சிருக்கிற செலவு காலம். வன்னி ஒரு வருசத்தில ரெண்டு ஊர். கார்த்திகை மார்கழியில வயலெல்லாம் பச்சை, குளம் நிரம்பித் தளம்பும், ஆவணியில அதே இடம் காஞ்சு வெடிச்சுக் கிடக்கும். எங்கட கதை கிணறு இறைக்கிறதில தொடங்குது, அது வரட்சிக் காலத்து வேலை, நீங்கள் தை மாசம் வெளியீடெண்டு மார்கழியில கமராவத் தூக்கிக்கொண்டு போனா உங்களுக்கு வேண்டிய மண் தண்ணிக்குக் கீழ கிடக்கும். ஆறு மாசம் முந்தியே யோசிக்கிற ஆளுக்குத்தான் போட்டோ மலிவு.

ஆக்களின்ர முகம் இன்னொரு விசயம். ஆரோ ஒரு அம்மாவைத் தூரத்தில இருந்து எடுத்து அட்டையில போடுறது சரியில்ல, அதுவும் எங்கட இடத்தில. காணாமப்போன பிள்ளையத் தேடுற தாய்மார் இருக்கிற ஊரில ஒரு முகத்த ஒரு கதையோட ஒட்டிவிட்டா அந்த முகத்துக்கு அந்தக் கதை நிலைச்சுப்போடும். கேட்டு, விளங்கப்படுத்தி, எழுத்தில சம்மதம் வாங்கிப் போடுங்கோ, இல்லாட்டிக் கை, முதுகு, நிழல் எண்டு எடுங்கோ. ட்ரோன் விடுறதெண்டா சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ர அனுமதி வேணும், ஆமி முகாம் பக்கம் கமரா நீட்ட வேண்டாம்.

## ஓவியர்

நினைவில மட்டும் இருக்கிறத, இப்ப போய்ப் படமெடுக்க ஏலாத ஒண்ட, ஓவியராலதான் தர ஏலும். 2010ல தறப்பாளுக்குக் கீழ எரிஞ்ச குப்பி விளக்க இப்ப எங்க போய் எடுக்கிறது? கிணத்துக்குள்ள இருந்து மேல பாக்கிற அந்தக் காட்சிய போட்டோவா எடுக்க வெளிக்கிட்டா ஆள் கிணத்துக்குள்ள இறங்க வேணும், ஓவியருக்கு அது ஒரு கறுப்பு மை.

ஆளைத் தேடக் கொழும்புக்கோ சென்னைக்கோ போகத் தேவையில்ல. எங்கட பள்ளிக்கூடங்களில சித்திரம் படிப்பிக்கிற ரீச்சர்மாரில நல்லாக் கீறுற ஆக்கள் இருக்கினம், மருதனார்மடத்தில யாழ் பல்கலைக்கழகத்தின்ர சித்திரமும் வடிவமைப்பும் படிச்சு வந்த பிள்ளையளும் இருக்கினம். அவைக்கு அலம்பல் வேலி எப்பிடியிருக்கும் எண்டு சொல்லித் தரத் தேவையில்ல.

பிழைக்கிற இடம் எதெண்டா, 200 பக்கத்தயும் குடுத்து "வாசிச்சுப்போட்டு நல்ல ஒரு படம் கீறித் தாங்கோ" எண்டு சொல்லுறதில. அவருக்கு நேரமில்ல, நாலு பக்கம் வாசிப்பார், முடிஞ்ச படமொண்டு வரும், அது உங்கட மனசில இருந்தது இல்ல, வேண்டாமெண்டு சொல்லவும் முகமில்ல, அப்பிடியே அச்சுக்குப் போயிடும். அதுக்குப் பதிலா ஒரு பக்கத்தில கதைச்சுருக்கம், முக்கியமான ஒரே ஒரு அத்தியாயம், கிணறு வேலி எண்டு நாலைஞ்சு போட்டோ, உங்கட பென்சில் ஒற்றை, இவ்வளவையும் குடுங்கோ. முதல்ல மூண்டு அரைகுறைக் கீறல் தாங்கோ, அதுக்கு இவ்வளவு, முடிச்ச படத்துக்கு இவ்வளவு எண்டு காசையும் ரெண்டாப் பிரிச்சுப் பேசுங்கோ. கீறலுக்குத் தனியக் காசு குடுத்தா அவரும் நோகார், நீங்களும் மனம்திறந்து சொல்லலாம். இத மட்டும் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கறுப்பு மைக் கோடு அச்சில நல்லா நிக்கும். ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) கோட்டையும் எழுத்தையும் மட்டும் வச்சுச் செய்த தமிழ்ப் புத்தக அட்டையள் இண்டைக்கும் பழசாத் தெரியாததுக்கு அந்தக் கோட்டின்ர பலம் ஒரு காரணம். மெல்லிய நீர்வர்ணம் பாக்க வடிவு, ஆனா ஸ்கான், அச்சு, லமினேற் எண்டு போகேக்க வெளிறிப்போகும், நல்ல ஸ்கானும் ஒரு சோதனைப் பிரதியும் தேவை, அது மேலதிகச் செலவு. உரிமையையும் முதலே எழுதி வையுங்கோ: ரெண்டாம் பதிப்புக்குப் போடலாமோ, இந்தியப் பதிப்புக்கு, மொழிபெயர்ப்புக்கு, பனருக்குப் போடலாமோ, மூல ஓவியம் ஆரிட்ட இருக்கும். அவரின்ர பேர் உள்பக்கத்தில கட்டாயம் வரவேணும்.

## வெறும் எழுத்து

படமே இல்லாம தலைப்ப மட்டும் பெரிசா வச்சு ஒரு நிறத்தில அடிக்கிறத எங்கட ஆக்கள் வெறுமையெண்டு நினைக்கினம். எனக்கு அப்பிடித் தெரியேல்ல. வன்னிக் கதையெண்டவுடன வாற பழகின படங்களில இருந்து தப்ப இதவிட நல்ல வழியில்ல, செலவும் குறைவு, நகமளவில எல்லாத்தையும்விடத் தெளிவு.

ஆனா தமிழ் எழுத்து அகலம் கூடினது. மூண்டு எழுத்துத் தலைப்பெண்டா அட்டை நிறைய வைக்கலாம், பன்னிரண்டு எழுத்துச் சொல்லெண்டா ஒரு வரியில வைக்கேக்க எறும்பு மாதிரிச் சின்னனாப் போடும், ரெண்டாப் பிரிச்சு வைக்கேக்க கருத்து உடையாத இடத்தில பிரிக்க வேணும். மேல விசிறியும் கீழ சுழியும் இருக்கிறதால வரியிடைவெளியும் கூட விட வேணும், இல்லாட்டி மேல்வரியின்ர 'கு' கீழ்வரியின்ர 'கி'யில முட்டும். மெல்லிய எழுத்தெண்டா நகமளவில புள்ளியள் காணாமப்போய் 'கல்' 'கல'வாத் தெரியும். கவிவனார், அரிமா, கட்டமரான் (Catamaran), மீரா இனிமை, பவனம் எண்ட எழுத்துருக்கள் எல்லாம் இலவசம், அச்சுக்கும் தடையில்ல. பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சுப் பழகின அச்சகமெண்டா யூனிகோட் எழுத்துக்கு மாறேக்க கொம்பும் காலும் பிரிஞ்சு நிக்கிறது நடக்கும், அதால தலைப்ப எழுத்தா அனுப்பாம வெளிக்கோடா மாத்தி பிடிஎஃப்பில அனுப்பிறது பாதுகாப்பு. கையெழுத்து வடிவான ஆள் ஒராளப் பிடிச்சுத் தூரிகையால எழுதுவிச்சா இன்னும் விசேசம்.

கவனிக்க வேண்டிய ஒண்டு, முதல் நாவல் எழுதிறவருக்கு இது கொஞ்சம் கஸ்டம். பேரும் தெரியாது, படமும் இல்லையெண்டா வாசகருக்குப் பிடிக்க ஒண்டும் இல்ல, அப்ப தலைப்பு தனிய நிண்டு சுமக்கிற தலைப்பா இருக்க வேணும்.

## ஏஐ

விரைவு, செலவில்ல, அரை மணித்தியாலத்தில இருவது படம். நிறம் எப்பிடி வந்தா நல்லம், கறுப்புக் கூடவோ மண்ணிறம் கூடவோ எண்டு பாக்க நானும் ஓம் எண்டுதான் சொல்லுவன், பென்சிலில இல்லாதது அதுதானே.

ஆனா இதுதான் நான் முதலே சொன்ன அந்த ஒட்டிப்போற படம். யோசனை இன்னும் பழுக்கேல்ல, படம் மட்டும் பழுத்து நிக்கும். கேட்டது வன்னிக் கிணறு, வாறதில தென்னை தலையாட்டும், பொம்பிளையள் சீலை கட்டியிருக்கிற விதம் இஞ்சத்தையில்ல, கிணத்துக் கட்டு எங்கயோ ஒரு ஊர்க் கட்டு. வெளியூர் ஆளுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும், எங்கட கதைய எங்கட ஆக்களிட்டக் குடுக்கேக்க அது ஒரு சின்ன விசயமில்ல. தமிழ் எழுத்தையும் அதுக்குள்ள எழுதச் சொல்லாதேங்கோ, எழுத்துப் பிழைச்சு வரக்கூடும், தலைப்ப வேறயா வைக்கிறதுதான் நல்லம். 1024 பிக்சல் அகலத்தில வாற படம் 300 புள்ளிக் கணக்கில 3.4 அங்குலத்துக்குத்தான் காணும், அட்டைக்கு இழுத்தா மங்கும். உபயோகிக்கிறதெண்டா ஓவியருக்கோ டிசைனருக்கோ "இந்த வெளிச்சம் மாதிரி" எண்டு காட்ட மட்டும் வையுங்கோ.

## அச்சகத்து டிசைனர்

அச்சுக் கூலியோட சேர்ந்தே வாற வழி. பக்கத்தில இருந்து சொல்லிச் செய்விக்கலாம், முதுகு அளவு, வெட்டு அளவு எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனா அவரிட்ட ஒரு நாளைக்குக் கலியாண அட்டை, கண்ணீர் அஞ்சலி, பனர் எண்டு எவ்வளவோ வரும், உங்கட நாவலுக்கு யோசிக்க அவருக்கு எங்க நேரம். யோசனையோட போனா நல்ல வேலை வரும், வெறுங்கையோட போனா இணையத்தில இருக்கிற சூரிய அஸ்தமனம் வரும்.

## ஆருக்கு எது

இப்ப நடக்கிற, இப்ப போய்ப் பாக்கக்கூடிய இடத்தில கதை நடக்குது, கையில ஒரு போகம் காலமும் இருக்கெண்டா போட்டோ. கதை போன காலத்தில, நினைவில, கனவில நடக்குதெண்டா ஓவியர், அதுக்குக் குறைஞ்சது ரெண்டு மாசம் விடுங்கோ. தலைப்பு குட்டையா, பலமா இருக்கு, காசு குறைவெண்டா எழுத்து. எங்கட கிணத்துக் கதைக்கு நானெண்டா ஓவியரிட்டத்தான் போவன், எட்டாவது பெட்டியக் கையில வச்சுக்கொண்டு.

வெளியீட்டுக்கு மூண்டு கிழமைதான் இருக்கெண்டா ஓவியரையும் போட்டோவையும் விட்டிடுங்கோ, அவசரத்தில ரெண்டும் பிழைக்கும், பென்சில் ஒற்றையோட அச்சகத்துக்குப் போய் எழுத்து அட்டையொண்டு செய்வியுங்கோ. எந்த வழியெண்டாலும் பின்னட்டையில பார்கோட்டுக்கு 37க்கு 26 மில்லிமீற்றர் வெள்ளை இடம் முதல் கீறலிலயே விடுங்கோ, ஐஎஸ்பிஎன் இலக்கத்துக்குக் கொழும்பில இருக்கிற தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கும் நேரத்தோட விண்ணப்பியுங்கோ.

கனடாவில லண்டனில இருந்து வன்னிக் கதை எழுதிற ஆக்கள், நீங்கள் நினைவில வச்சிருக்கிற ஊரும் இப்ப இருக்கிற ஊரும் வேற. ஊரில இருக்கிற மச்சானிட்டயோ பெறாமகளிட்டயோ சொல்லி அந்த இடத்த நாலு பக்கத்தாலயும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, அதைப் பாத்துக்கொண்டு பெட்டியளக் கீறுங்கோ, கீறினதை அவைக்கே திருப்பி அனுப்பி எது பிழையெண்டு கேளுங்கோ. மரம் பிழையெண்டால் அவை உடன சொல்லுவினம்.